புட்டி மருந்தும் எஞ்சின் கரியும்

கல்முனைப் பிரதான வீதியில் மோட்டார் உதிரிப்பாகங்கள் விற்கும் கடைகளின் கண்ணாடி அலுமாரிகளைச் சற்று நின்று நோக்கினால், எஞ்சின்களுக்கென ஒரு தனி வைத்தியசாலையே அங்கு நடப்பதாகத் தோன்றும். பெற்றோலுக்கு ஒரு புட்டி, டீசலுக்கு ஒரு புட்டி, ஒக்டேனை உயர்த்துவதற்கு ஒரு புட்டி, இவை எல்லாவற்றையும் தானே செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் மற்றொரு புட்டி. நிறம் வேறு, பெயர் வேறு, விலையும் வேறு. ஆனால் மேலே எழுதியிருப்பது மட்டும் ஒரே வாய்பாடுதான். உள்ளே படிந்த கரியைக் கரைக்குமாம், இழந்த வலுவை மீட்குமாம், எரிபொருளை மீதப்படுத்துமாம்.

முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைக்கும் சாய்ந்தமருது வாசகர் ஒருவரும், தொழினுட்பவியல் பயிலும் நிந்தவூர் மாணவர் ஒருவரும் இப்புட்டிகளைக் குறித்து நம்மிடம் வினவியிருக்கின்றனர். முன்னவர் கேட்பது, "எதை வாங்குவது?" என்பது. பின்னவர் கேட்பது, "வாங்கத்தான் வேண்டுமா?" என்பது. பின்னவரின் வினாவுக்கு விடை கண்டாலன்றி முன்னவருக்கு விடை கூறவியலாது. ஆதலின் அதிலிருந்தே தொடங்குவோம்.

பெற்றோல் என்பது ஒரே பொருளன்று. நூற்றுக்கணக்கான ஐதரோகாபன்களின் கூட்டு. அவற்றுள் ஒலிபீன்கள் எனப்படுவன பொறுமையற்றவை. வளியிலுள்ள ஒட்சிசனோடு கூடிப் பிசினாக மாறும் இயல்பு அவற்றுக்கு உண்டு. 100 மில்லி லீற்றர் பெற்றோலை ஆவியாக்கி, எஞ்சியதைக் கரைப்பான் கொண்டு கழுவிப் பார்த்தால், மீந்து நிற்கும் பிசின் 5 மில்லி கிராமுக்கு மேற்படலாகாது என்று ஐரோப்பிய, அமெரிக்க நியமங்கள் விதித்துள்ளன. இது எள்ளளவுதானே என்று எண்ணலாம். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும்: அந்த எல்லையைத் தொட்டு நிற்கும் பெற்றோலில் ஆயிரம் லீற்றருக்கு 50 கிராம் பிசின் இருக்கும். அத்தனையும் எஞ்சினில் ஒட்டிக்கொள்வதில்லை. பெரும்பகுதி எரிந்தே போகும். ஒட்டிக்கொள்ளும் சிறுபகுதிதான், மசகெண்ணெயின் புகையோடும் தூசியோடும் சேர்ந்து, நம் மெக்கானிக்குகள் "காபன் பிடிச்சிருக்கு" என்று கூறும் கறுப்புப் படிவாகின்றது.

இப்படிவு எங்கே அமர்கின்றது என்பதைப் பொறுத்தே அதன் தீங்கும் அமையும். ஒலுவில் துறைமுகம் 2013 ஆம் ஆண்டு திறக்கப்பட்டபின், அதன் வாயிலில் மணல் சேர்ந்து படகுகளின் போக்குவரத்தைத் தடுத்த வரலாற்றை நம் கரையோர மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. துறைமுகத்தின் உள்ளே எவ்வளவு ஆழமிருந்தாலும் என்ன, வாயில் அடைபட்டால் யாவும் அடைபட்டனவே. காபரேற்றரின் நுண்துளையும், இன்ஜெக்டரின் முனையும், உள்ளெடுப்பு வால்வின் கழுத்தும் எஞ்சினின் வாயில்கள். அங்கே படியும் மெல்லிய படலமே வளியும் எரிபொருளும் சேரும் அளவைக் குலைத்துவிடும். காலையில் வண்டி எளிதில் கிளம்பாது, நின்ற இடத்தில் குலுங்கும், புகை மிகும். தகன அறையினுள்ளும் பிஸ்டனின் தலையிலும் படியும் கரியின் தீங்கு வேறுவகையானது. அது இடத்தை அடைத்து அமுக்கத்தை உயர்த்துவதோடு, வெப்பத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் எரிபொருள் தன் முறை வருமுன்னரே பற்றிக்கொண்டு "டக், டக்" என்று இடிக்கும். மொறிஸ் மைனர், ஒஸ்டின் வண்டிகள் வைத்திருந்த பழைய தலைமுறையினர் இவ்வொலியை நன்கறிவர். அக்காலத்தில் இதற்கு ஒரே மருந்துதான் இருந்தது: எஞ்சினின் தலையைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவது. அதனைச் சில ஆயிரம் மைல்களுக்கு ஒருமுறை செய்யவேண்டிய கடமையாகவே கருதினர்.

அன்றைய பெற்றோலில் ஈயமும் கலந்திருந்தது. இலங்கையில் ஈயங் கலந்த பெற்றோல் 2002 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக அதனைக் கைவிட்ட நாடு அல்ஜீரியா. அங்கு 2021 ஆம் ஆண்டுவரை அது விற்பனையில் இருந்தது. ஈயம் நீங்கியதால் நம் பிள்ளைகளின் இரத்தத்திற்கும் மூளைக்கும் வாய்த்த நன்மை பெரிது. எஞ்சினுக்கும் ஒருவகைப் படிவு குறைந்தது என்பது அதனோடு சேர்ந்த சிறு நன்மை.

இனிப் புட்டிக்கு வருவோம். சோற்றுப் பானையின் அடியில் பிடித்த கரியை வெறுந் தண்ணீர் ஊற்றி அகற்ற முயன்ற பெண்மணி எவரும் இல்லை. சவர்க்காரம் வேண்டும் என்பது அடுப்படி அறிந்த உண்மை. சவர்க்காரத்தின் மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. வால் எண்ணெய்ப் பசையைப் பற்றும். தலை தண்ணீரை நாடும். இரண்டும் இழுக்க, அழுக்குக் கிளம்பி வரும். எரிபொருளிற் சேர்க்கும் துப்புரவுப் பொருளும் இதே தந்திரத்தைத்தான் கையாள்கின்றது, முறைமட்டும் தலைகீழ். நைதரசன் அணுவைத் தாங்கிய அதன் தலை கரியைப் பற்றுகின்றது. நீண்ட ஐதரோகாபன் வால் பெற்றோலில் மிதந்து இழுக்கின்றது. ஆகவே உண்மையான துப்புரவு மருந்து எது என்பதை அறிய, புட்டியின் நிறத்தைப் பார்த்துப் பயனில்லை. அத்தலையும் வாலும் உடைய பொருள் அதனுள் இருக்கின்றதா, இருந்தால் எவ்வளவு இருக்கின்றது என்பதே கேள்வி.

இத்தகைய பொருள்கள் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வந்துள்ளன. 1950களில் அமெரிக்காவில் அறிமுகமானவை எளிய அமைன்கள். அவை காபரேற்றரைத் துலக்கின. ஆனால் வால்வின் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றல் அவற்றுக்கில்லை. அடுத்துப் பொலிபியூட்டீன் அமைன் வகை வந்தது. அது வால்வைத் துலக்கியது. ஆயினும் தகன அறையிற் சென்று முற்றும் எரியாமல் தானே சிறிது கரியாகத் தங்கும் குறை அதற்கு இருந்தது. வாசலைப் பெருக்கிக் குப்பையை அறைக்குள் தள்ளியது போல என்க. 1980களின் தொடக்கத்தில் செவ்ரான் நிறுவனம் வெளியிட்டது மூன்றாவது வகை: பொலிஈதர் அமைன். சுருக்கமாகப் பீ. ஈ. ஏ. என்பர். இது வால்வின் வெப்பத்தைத் தாங்கி அங்கே வேலை செய்யும். தகன அறையை அடைந்ததும் பெரும்பாலும் எச்சமின்றி எரிந்துவிடும். பெற்றோல் எஞ்சினைப் பொறுத்தவரை, இன்று கடையிற் கிடைப்பவற்றுள் படிந்த கரியை அகற்றவல்லது எதுவென்று கேட்டால், நாம் இதனையே சுட்டுவோம்.

ஆனால் புட்டியின் முகப்பில் பீ. ஈ. ஏ. என்று பெரிதாக அச்சிட்டிருப்பது போதாது. புட்டியின் பெரும்பகுதி மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த வெறுங் கரைப்பானாக இருக்கலாம். அதனை அறிய ஒரு வழியுண்டு. பெயர்பெற்ற உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் தம் பொருளுக்குப் பாதுகாப்புத் தரவுத்தாள் ஒன்றை வெளியிடுவர். எப்பொருள் நூற்றுக்கு எத்தனை என்பதை ஓரளவு அதில் காணலாம். கைத்தொலைபேசி வைத்திருக்கும் மாணவர் எவரும் அதைத் தேடிப் படித்து வாப்பாவுக்கோ காக்காவுக்கோ எடுத்துரைக்கலாம். தரவுத்தாளே இல்லாத புட்டியை நாம் வாங்கமாட்டோம்.

விளம்பரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஓர் உண்மைக் கதை. 1970 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியா ஸ்ராண்டர்ட் ஒயில் நிறுவனம் எஃப்-310 என்னும் சேர்மானத்தைத் தன் செவ்ரான் பெற்றோலிற் கலந்து விற்கத் தொடங்கியது. 1962 இல் விண்வெளியிற் பூமியைச் சுற்றிவந்த ஸ்கொட் கார்ப்பென்ரரையே விளம்பரத்திற்கு அழைத்து வந்தனர். காரின் புகைக்குழாயில் ஒரு பெரிய கண்ணாடிப் பலூனைக் கட்டினர். எஃப்-310 இடுவதற்கு முன்னர் பலூனுக்குள் கரும்புகை சூழ்ந்தது. ஆறு தாங்கிப் பெற்றோல் ஓடியபின் பலூன் பளிங்கு போலத் தெளிந்திருந்தது. தொலைக்காட்சியிற் கண்டவர் மயங்காதிருப்பரோ? அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு மயங்கவில்லை. புகையின் நச்சுப் பொருள்களில் முக்கியமானவை கண்ணுக்குப் புலப்படாதவை. காபனோரொட்சைட்டு நிரம்பிய பலூனும் தெளிவாகத்தான் தோன்றும். ஆகவே பலூன் தெளிந்தது புகை தூயதாயிற்று என்பதற்குச் சான்றாகாது என்று ஆணைக்குழு வாதித்தது. வழக்கு நீண்டு, 1978 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் விளம்பரம் மயக்கந் தருவது என்பதை ஏற்றுக்கொண்டது.

இதிற் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. எஃப்-310 வெறும் தண்ணீரன்று. அழுக்கேறிய எஞ்சினில் அது ஓரளவு வேலை செய்யத்தான் செய்தது. அவ்வளவு வேலையை இவ்வளவாகக் காட்டியதே குற்றம். நம் கடைத்தெருப் புட்டிகளிலும் முழுப்பொய் அரிது. ஊதிப் பெருத்த மெய்யே மிகுதி.

முழுப்பொய்க்கும் உதாரணம் வேண்டுமாயின் தமிழகத்திற்குச் செல்லலாம். 1996 இல் இராஜபாளையத்தை அடுத்த ஊரினரான இராமர் பிள்ளை மூலிகையிலிருந்து பெற்றோல் காய்ச்சுவதாக அறிவித்தபோது, பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் அவரைத் தூக்கிக் கொண்டாடியது நம்மிற் பலருக்கு நினைவிருக்கும். 2016 இல் சென்னை நீதிமன்றம் மோசடி வழக்கில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இடையில் ஓடியவை இருபது ஆண்டுகள்.

எரிபொருட் சேர்மானத்தின் பயனை நடுநிலையாக அளந்த சோதனைகளும் உள. அமெரிக்காவில் 1995 ஆம் ஆண்டு முதல் விற்பனையாகும் எல்லாப் பெற்றோலிலும் குறைந்த அளவேனும் துப்புரவுப் பொருள் கலந்திருத்தல் வேண்டும் என்பது சட்டம். அவ்வளவு போதாது என்று கருதிய பீ.எம்.டபிள்யூ., ஜெனரல் மோட்டர்ஸ், ஹொண்டா, டொயோட்டா ஆகிய நிறுவனங்கள் 2004 இல் கூடி இன்னும் உயர்ந்த தரமொன்றை வகுத்தன. 2016 இல் அந்நாட்டு மோட்டார்ச் சங்கம் இரு வகைகளையும் ஒப்புநோக்கியது. ஏறத்தாழ 4,000 மைல் ஓட்டத்திற்குச் சமமான சோதனையின் பின், உயர்தரத்தில் சேராத பெற்றோல் உண்டாக்கிய படிவு சராசரி 19 மடங்காக இருந்தது. கரி படிந்தபின் கரைப்பதிலும் பார்க்கப் படியவிடாது காப்பதே எளிது என்பதை இது காட்டுகின்றது. நம் நாட்டிலும் 2003 இல் தொழில் தொடங்கிய லங்கா ஐ.ஓ.சி. நிறுவனம் சேர்மானங் கலந்த எரிபொருளைத் தனிப்பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் ஒன்று: ஒக்டேன் 95 என்பது ஒக்டேன் 92 இலும் தூயது என்ற எண்ணம் நம்மவரிடையே பரவியுள்ளது. அது சரியன்று. ஒக்டேன் எண் குறிப்பது இடிப்பைத் தாங்கும் ஆற்றலை மட்டுமே, துப்புரவை அன்று. 92 போதுமென்று கையேடு கூறும் வண்டிக்கு 95 ஊற்றுவது, தாகமில்லாதவனுக்கு இளநீர் வெட்டுவது போன்றது.

ஒக்டேன் உயர்த்தும் புட்டிகளையும் இத்தோடு முடித்துவிடலாம். அவற்றுட் சிலவற்றில் மங்கனீசு அல்லது இரும்புச் சேர்வை இருக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் செங்கல் நிறத்தில் ஒரு பூச்சுத் தெரியும். கரியை அகற்ற வாங்கியவர் வேறொரு படிவை விலைகொடுத்து வாங்கியவராவர்.

பெற்றோலை வால்வின்மீது தெளிக்காது நேரே சிலிண்டருக்குள் பீச்சும் புதிய எஞ்சின்களும் ஜப்பானிலிருந்து வந்த வண்டிகள் சிலவற்றில் உள்ளன. இவற்றில் உள்ளெடுப்பு வால்வைப் பெற்றோல் தொடுவதேயில்லை. தொடாத இடத்தைப் பெற்றோலிற் கலந்த மருந்து எங்ஙனம் கழுவும்? இன்ஜெக்டரின் முனையை அது துலக்கலாம். வால்வைத் துலக்க வேறு முறையே வேண்டும். வாங்குமுன் தம் வண்டி எவ்வகை என்று கேட்டறிதல் நன்று.

நம் கரையோரத்திற்கு மிகவும் வேண்டியது இனித்தான் வருகின்றது. மாளிகைக்காடு முதல் பொத்துவில் வரை கடலுக்குச் செல்லும் கண்ணாடியிழைப் படகுகளின் பின்புறத்திலே தொங்குவது பெரும்பாலும் ஈரடிப்பு எஞ்சின், குடிப்பது மண்ணெண்ணெய். 2004 டிசம்பர் 26 இன் கடற்கோளில் இக்கரை இழந்த உயிர்களும் தோணிகளும் எண்ணில. அதன்பின் நிவாரணமாக வந்த படகுகளோடும் இத்தகைய எஞ்சின்கள் பல வந்தன. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாகாது. ஒக்டேனும் மிகக் குறைவு. குளிர்ந்த எஞ்சினில் அது துளித்துளியாகவே நின்று அரைகுறையாக எரியும். அத்தோடு மசகெண்ணெயும் எரிபொருளிலேயே கலந்து எரிய வேண்டிய ஈரடிப்பு முறை. கரி மிகுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பிஸ்டன் வளையங்கள் தம் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். வெளியேற்று வாய் சுருங்கும். பிளக் கறுத்து நனைந்து பொறி மறுக்கும்.

வீதியில் முச்சக்கர வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு கராஜுக்குப் போகலாம். கரையிலிருந்து பல மைல் தொலைவில், வாடைக்காற்று எழும் வேளையில், எஞ்சின் நின்றுவிட்டால் தள்ளுவது எங்கே? இவ்விடயத்தை வெறும் பணக்கணக்காக நாம் கருதாமைக்குக் காரணம் இதுவே.

பணக்கணக்கும் சிறிதன்று. 2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. அந்நாள்களில் செலவைச் சுருக்க வேண்டிக் கடற்றொழிலாளர் சிலர் கண்டதையெல்லாம் கலந்து ஓட்டிப் பார்த்தனர். மசகெண்ணெயைக் குறைத்தனர் சிலர். பயந்து கூட்டினர் சிலர். குறைத்தால் பிஸ்டன் இறுகும். கூட்டினால் கரி மிகும். கையேட்டில் குறித்த விகிதம் விளையாட்டுக்குக் குறித்ததன்று.

படகு எஞ்சினுக்குப் புட்டி மருந்தினும் முன்னே நிற்பவை மூன்று பழக்கங்கள். பெற்றோலிற் கிளப்பி, எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் முதலாவது. கரையை அடைந்து நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது ஓடவிடுதல் அடுத்தது. காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கிவிட்டால் மறுநாட் காலை கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நோகும். படகு எஞ்சினுக்கென்றே செய்த ஈரடிப்பு மசகெண்ணெயை மட்டும் பயன்படுத்துதல் பிறிதொன்று. லொறியிலிருந்து வடித்த பழைய எண்ணெயையும், நான்கடிப்பு எஞ்சினுக்குரிய எண்ணெயையும் கலப்பவர் உளர். அவ்வெண்ணெய்களில் உள்ள உலோகச் சேர்வைகள் எரிந்து சாம்பலாகிப் பிளக்கின் முனையிலே பாலம் கட்டிவிடும். இம்மூன்றையும் கைக்கொள்பவருக்கும் வளையம் ஒட்டத் தொடங்கினால், துப்புரவு மருந்தை அளவோடு பயன்படுத்திப் பார்க்கலாம். கரி கல்லாக இறுகிவிட்ட பின்னர் எந்த மருந்தும் பயன்படாது. தலையைக் கழற்றிச் சுரண்டும் பழைய வைத்தியமே கதி.

வீதியில் ஓடும் முச்சக்கர வண்டிகளைப் பொறுத்தவரை, ஈரடிப்பு வண்டிகளின் இறக்குமதி 2008 இல் தடுக்கப்பட்டதால், இன்று பெரும்பாலானவை நான்கடிப்பு வண்டிகளே. அவற்றிற் கரி அத்துணை விரைவாகச் சேராது. 2022 இன் தட்டுப்பாட்டுக் காலத்தில் போத்தலிலும் பிளாஸ்ரிக் கலனிலும் பல மாதம் வைத்திருந்த பெற்றோலை ஊற்றியவர்களுக்கே காபரேற்றர் பிசின் பிடித்துத் தொல்லை தந்தது. அதற்கும் காபரேற்றரைக் கழற்றிக் கழுவுவதே குறைந்த செலவு.

சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களில் உழும் லாண்ட்மாஸ்டர்களுக்கும், பலநாட் கலங்களுக்கும் உரியது டீசல். இங்கே நம் தீர்ப்பு சுருக்கமானது: முதலில் தண்ணீரைப் பாருங்கள். நம் கரையின் ஈரக்காற்று பாதி நிறைந்த தாங்கியின் உட்சுவரில் வியர்த்து நீராக வழிந்து அடியிற் சேரும். நீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லையிலே ஒருவகைப் பூஞ்சணம் வளரும். மண்ணெண்ணெயைத் தின்று வாழும் பூஞ்சணமும் இறைவன் படைப்பில் உண்டு என்பது மாணவர்களுக்கு வியப்பளிக்கும். அது கறுப்புச் சளிபோல வடியை அடைத்துவிடும். இதனைக் கரியென்று எண்ணி இன்ஜெக்டர் துப்புரவு மருந்து ஊற்றுவதில் பயனில்லை. தாங்கியின் அடிநீரை வடித்து, வடியை மாற்றி, கடலிலிருந்து வந்தவுடன் தாங்கியை நிரப்பி வைத்தால் பெரும்பாலான தொல்லை அகலும். அதன்பின்னும் புகை மிகுந்தால் டீசலுக்கென்றே செய்த மருந்தைத் தேடலாம். பெற்றோல் மருந்தை டீசலுக்கு ஊற்றலாகாது.

கைவைத்தியங்களைப் பற்றியும் ஒரு சொல். பூச்சி உருண்டையைப் பெற்றோல் தாங்கியிற் போடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. முற்காலத்து உருண்டை நப்தலீன். இன்றைய உருண்டைகள் பலவற்றில் இருப்பது குளோரீன் சேர்ந்த வேறொரு பொருள். அது எரிந்தால் ஐதரோகுளோரிக் அமிலம் பிறக்கும். நகப்பூச்சை அழிக்கும் அசற்றோனை ஊற்றுவோர் இரப்பர்க் குழாய்களை இழப்பர். ஓடும் எஞ்சினின் காபரேற்றருக்குள் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு நீராவியாற் கரியை உரிக்கும் பழைய மெக்கானிக்கு வித்தை மெய்யே. ஆனால் கை தவறி ஒரு மிடறு தண்ணீர் போய்விட்டால் பிஸ்டனின் தண்டு வளைந்துவிடும். கற்றுத் தேர்ந்த கைக்கு அது வித்தை. பார்த்துப் பழகிய கைக்கு ஆபத்து.

இனிச் சாய்ந்தமருது அன்பருக்குக் கணக்கு. ஒரு புட்டியின் விலை ஐந்து லீற்றர் பெற்றோலின் விலைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். மருந்தால் நூற்றுக்கு இரண்டு வீதம் மீதமாகின்றது என்றும் தாராளமாகவே கொள்வோம். மாதம் பத்து லீற்றர் எரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கு மீதமாவது மாதத்திற்கு ஐந்திலொரு லீற்றர். போட்ட பணம் திரும்ப 25 மாதம் செல்லும். அதற்குள் கரி மறுபடியும் படிந்துவிடும். மாதம் 150 லீற்றர் எரிக்கும் வாடகை வண்டிக்கோ மூன்று லீற்றர் மீதமாகும்; இரண்டு மாதத்திற்குள் பணம் வந்துவிடும். ஆகவே நாளெல்லாம் ஓடும் பழைய வண்டிக்குப் பொருந்துவது, வெள்ளிக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டிக்குப் பொருந்தாது. எஞ்சினில் கரியே இல்லையாயின் அந்த இரண்டு வீதமும் இல்லை. புதிய வண்டிக்கு மருந்து ஊற்றுவது வீண்.

அளவிலும் கவனம் வேண்டும். 50 லீற்றர் பெற்றோலுக்கு 300 மில்லி லீற்றர் என்று புட்டியில் எழுதியிருந்தால், எட்டு லீற்றர் தாங்கிக்கு உரியது 48 மில்லி லீற்றரே. புட்டி முழுவதையும் கவிழ்ப்பவர் ஆறு மடங்குக்கு மேல் ஊற்றுகின்றார். எரியாத மருந்து வளையங்களைத் தாண்டி மசகெண்ணெயிற் கலந்து அதனைக் கெடுக்கும். அளவாக ஊற்றினாலும், எண்ணெய் மாற்றும் தவணைக்குச் சற்று முன்னர் ஊற்றுவதே முறை. கலங்கிய எண்ணெய் அத்தோடு வெளியேறிவிடும்.

நிந்தவூர் மாணவருக்கு ஒரு சோதனையைக் கூறுவோம். தாங்கியை விளிம்புவரை நிரப்பி, கிலோமீற்றர் குறித்து, ஓட்டியபின் அதே நிலையத்தில் அதே விளிம்புவரை மீண்டும் நிரப்பினால் செலவான லீற்றர் தெரியும். இவ்வாறு மருந்தின்றி நான்கு தடவை, மருந்தோடு நான்கு தடவை அளக்கவேண்டும். கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள வீதி ஒன்றையே கொள்க; சில்லுகளின் காற்றழுத்தம் மாறலாகாது; ஏற்றும் ஆள்களும் மாறலாகாது. முக்கியமானது, ஊற்றுபவர் ஒருவராகவும் ஓட்டி அளப்பவர் வேறொருவராகவும் இருத்தல். காக்கா ஊற்றட்டும், எந்தத் தடவை ஊற்றினார் என்பதைத் தம்பிக்குச் சொல்லாதிருக்கட்டும். மருந்து போட்டது தெரிந்தால் நம் கால் தானாகவே அக்சிலரேற்றரை மெதுவாக மிதிக்கும்; மீதமான பெற்றோலுக்குப் புகழ் புட்டிக்குப் போய்விடும். மருந்தின்றி எடுத்த நான்கு அளவைகளுக்குள்ளேயே எவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கின்றது என்பதையும் எழுதி வைக்கவேண்டும். மருந்தால் வந்த வேறுபாடு அந்த ஏற்றத்தாழ்வுக்குள் அடங்கிவிட்டால், எதுவும் நிறுவப்படவில்லை என்றே கொள்ளவேண்டும். முடிவுகளை நமக்கு எழுதினால் மகிழ்வோம்.

மருதமுனையிலிருந்து ஒரு தாயார், மீந்த மருந்தை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கின்றார். வந்த புட்டியிலேயே மூடி, பெயர்ச்சீட்டோடு, பிள்ளைகளின் கைக்கெட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றி வைக்கலாகாது. மண்ணெண்ணெயைத் தண்ணீரென எண்ணிக் குடித்த குழந்தைக்கு வாந்தியெடுக்கச் செய்வது பிழை. எண்ணெய் நுரையீரலுட் சென்றுவிடும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க; புட்டியையும் உடன் கொண்டுசெல்க. வேண்டாத மருந்தை வளவு மணலில் ஊற்றுவதும் தகாது. நம் கரையில் கிணற்று நீர் சில அடி ஆழத்திலேயே கிடக்கின்றது. மணல் எதையும் தடுத்து வைப்பதில்லை. அறிந்த கராஜ் ஒன்றிற் கொடுத்தால், பழைய எண்ணெய் சேர்க்கும் பீப்பாவில் அவர்கள் சேர்த்துக்கொள்வர்.